நாகலெட்சுமி பெயருக்கு வந்த கடிதம்

லியனார்ட் முப்பத்தாறு வருடம் ஈரக்காட்டுத் தோட்டத்தின் தபால்காரராக இருந்தார். காலை ஏழரைக்கு ஆபீசில் வெறும் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று மைல்கட்டை தூரம் இறங்கிக் கடைவீதித் தபால் கந்தோருக்குப் போவார். பதினொரு மணிக்குள் பையோடு ஏறி வருவார். துரைக்கும் கிளாக்கர்மாருக்கும் வந்தவை ஆபீசில் தங்கும். மிச்சம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே முகவரிதான்: ஒரு பெயர், மேல் பிரிவு அல்லது கீழ்ப் பிரிவு, ஆர்டன்மோர் தோட்டம், டயகம. லயத்துக்கு எண் இல்லை, அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் இருக்கும் காம்பராவுக்கும் இல்லை. அந்தப் பெயருக்குரிய ஆள் எந்த லயத்தில் எந்த வாசலில் இருக்கிறார் என்பது லியனார்ட்டின் தலைக்குள் மட்டும் இருந்தது.

ஆர்டன்மோர் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர். பைக்கும் பலகைக்கும் அது போதும். தோட்டத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. வருடத்தில் எட்டு மாதம் தரை காயாத இடம் என்பதால் ஈரக்காடு. ஆட்களின் பெயர்களும் அந்த வழியில்தான் வந்தன. இராமையா என்று மட்டும் ஐந்து பேர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர் கவ்வாத்து இராமையா. கோயிலில் உடுக்கு அடிக்கிறவர் உடுக்கு இராமையா. இன்னொருவர் ஒருமுறை நானுஓயாவில் ரயிலைத் தவறவிட்டு, ஒரு பகல் முழுக்க நடந்தே தோட்டம் வந்து சேர்ந்தார். அவர் செத்த பிறகும் அவருடைய பேரன்கள் ரயில் வீட்டுப் பிள்ளைகள்தான்.

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு கடிதத்தையும் தவறவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் லியனார்ட்டுக்குத் தனிப் பெருமை. "இது யாரு?" என்று எவரிடமும் கேட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். "கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்பாள் மனைவி றோசலின். அவர் சிரிப்பார்.

கவ்வாத்து இராமையாவும் அவரும் சிநேகிதர்கள். இராமையாவின் தாய் நாகலெட்சுமி எழுபத்தொரு வயதில்தான் இந்த நாட்டின் பிரஜை ஆனாள். பிறந்தது, உழைத்தது, பிள்ளை பெற்றது எல்லாம் ஈரக்காட்டில். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று தள்ளி வைத்திருந்த கடதாசி மட்டும் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டார்கள். ஒரு பத்திரத்தில் நாகலட்சுமி, இன்னொன்றில் நாகலெட்சுமி, பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் நாகலச்சு. எது சரி என்று கேட்டு மண்ணிற உறையில் கடிதம் வரும். இராமையா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் போய் எழுதிக் கொடுப்பார். இரண்டு மாதத்தில் மறுபடியும் ஓர் உறை வரும். 2005 ஆடி மாதம் நாகலெட்சுமி அட்டையைப் பார்க்காமலே கண்ணை மூடினாள்.

அவள் இறந்த பிறகும் இரண்டு உறைகள் வந்தன. இரண்டாவதை லியனார்ட் நீட்டியபோது இராமையா வாங்கவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இனிமே அம்மா பேருக்கு வந்தா வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. ஆளு செத்துருச்சின்னு எழுதி அனுப்பிருங்க. இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியுது."

"அப்படியே செஞ்சிர்றேன் தம்பி" என்றார் லியனார்ட்.

இராமையாவுக்கு ஒரே மகள். பேபி என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை எல்லா லயத்திலும் நடப்பதுதான். பிறந்தபோது இராமையா தன் தாயின் பெயரையே மகளுக்குப் பதிந்துவிட்டார். ஆனால் மாமியார் உயிரோடு அதே வீட்டில் இருக்கும்போது மருமகள் அந்தப் பெயரை வாயால் சொல்லலாமா? அதுவும் பிள்ளையை அதட்டும்போது, திட்டும்போது? இராமையாவின் மனைவி வீரம்மா குழந்தையை "பேபி" என்றாள். மாமியாரும் தன் பெயரைத் தானே கூப்பிட வெட்கப்பட்டு அதையே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிறப்புச் சாட்சிப் பத்திரம் கையில் இல்லை. பெயர் என்ன என்று ஆசிரியர் கேட்டார். வீரம்மா தயங்கித் தயங்கி, "பேபிங்க" என்றாள். அது பெயராக இல்லையே என்று அவர் அதோடு ஒரு ராணியைச் சேர்த்து, பேபிராணி என்று பதிந்துகொண்டார்.

பத்து வருடம் அவள் பேபிராணியாகப் படித்தாள். பதினோராம் வகுப்பில் சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் சாட்சிப் பத்திரம் வெளியே வந்தது. அன்றிலிருந்து பரீட்சைக் கடதாசிகளில் மட்டும் அவள் இராமையா நாகலெட்சுமி. அவையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கே வந்தன. இது வீட்டுக்கும் வகுப்பாசிரியருக்கும் தெரியும். வேறு யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிந்திய உயர்தரப் பரீட்சையில் அவள் நல்ல பெறுபேறு எடுத்தாள். மேல் பிரிவில் அப்படி எடுத்த முதல் பெண் அவள்தான். லியனார்ட் கடைவீதியிலிருந்து லட்டு வாங்கிக்கொண்டு போனார். "என்னா படிக்கப் போற?" என்று கேட்டார்.

"டீச்சருக்குப் போட்டுருக்கேன் மாமா. கல்வியியற் கல்லூரிக்கு. இன்டவியூவுக்குக் கூப்புடுவாங்க."

"கூப்புட்டா மொதல்ல எனக்குத்தானே தெரியும்" என்றார் லியனார்ட்.

2007 வைகாசியில் விடாத மழை. தபால் கந்தோரில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மண்ணிற உறை ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆங்கில எழுத்தில் ஆர். நாகலெட்சுமி, மேல் பிரிவு. திருமதி, செல்வி என்று முன்னால் எதுவும் இல்லை. கிழவியின் தகப்பன் பெயர் ரெங்கன். அவளுக்கும் முன்னெழுத்து ஆர்தான். லியனார்ட் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரண்டு வருடமாகியும் அந்த மனுசியை விடமாட்டார்களா என்று முணுமுணுத்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து உறையின் மேல், மிஷன் பள்ளிக்கூடத்தில் பழகிய அழகான கையெழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் 'காலமாகிவிட்டார்' என்று எழுதி, திருப்பி அனுப்பும் கட்டோடு சேர்த்தார். இராமையாவுக்கு ஒரு வேதனையைக் குறைத்தோம் என்ற நினைப்போடு அன்று மழையில் மேலே ஏறினார்.

பேபி காத்திருந்தாள். தினமும் பதினொரு மணிக்கு லயத்து முனையில் நிற்பாள். லியனார்ட் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுவார். "வரும்டி, வரும். அவசரப்பட்டா ஆகுமா?" என்பார்.

ஒரு மாதம் கழித்து வட்டவளையிலிருந்து ஜெயந்தினி பேபிக்குப் போன் எடுத்தாள். இருவரும் உயர்தரத்தில் ஒரே வகுப்பு.

"ஏன்டி நீ இன்டவியூவுக்கு வரல? நான் ஒன்னைய எங்கெல்லாம் தேடுனேன் தெரியுமா?"

"எனக்கு இன்னும் வரலயே."

"என்னா சொல்ற? முடிஞ்சி ரெண்டு கிழமையாச்சி."

மறுநாள் விடிந்ததும் தகப்பனும் மகளும் பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். கல்லூரிக்கு ஆள் எடுக்கும் கந்தோரில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பி, கடைசியில் ஒருவர் கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினார். திரும்பி வந்த உறை அதில் குத்தியிருந்தது. அவர் அதையும் பேபியையும் மாறி மாறிப் பார்த்தார். "மே கெனா மெரிலனே" என்றார் சிங்களத்தில். இந்த ஆள் செத்துப் போயிற்றே என்றார்.

இராமையாவுக்கு முதலில் விளங்கவில்லை. பேபிக்கு உடனே விளங்கியது. அந்தக் கையெழுத்தை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்தவள். எழுதத் தெரியாதவர்களின் கடிதங்களுக்கெல்லாம் முகவரி எழுதிக் கொடுத்த கை அது.

மறுநாள் அவர்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது வீரம்மா கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். இராமையா சொன்னதைக் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் சொல்லாத பெயரை அன்று லயமே கேட்கச் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"நாகலெட்சுமி! ஐயோ, எங்க நாகலெட்சுமி! நான் ஒருக்காவாச்சும் இந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டுருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்குமே!"

இரண்டு வருடத்துக்கு முந்திப் போன கிழவிக்கு இப்போது எதற்கு ஒப்பாரி என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மாலை பேபி தனியாக லியனார்ட்டின் வீட்டுக்குப் போனாள். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வரவில்லை.

"மாமா, நாகலெட்சுமின்னு பேர் போட்டு ஒரு கடதாசி வந்துச்சா?"

"ஆமா, ஒங்கப்பாயிக்கு வந்துச்சி. நான்தான் திருப்பி..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"என் பேருந்தான் மாமா அது."

கையிலிருந்த வாளி அவர் காலருகே சாய்ந்து தண்ணீர் ஓடியது. றோசலின் அடுப்படியிலிருந்து வந்தபோது பேபி போய்விட்டிருந்தாள். லியனார்ட் ஈரத்தில் அப்படியே நின்றார்.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கிராம சேவகரிடம் போய், அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று கடிதம் வாங்கினார். தவறு தன்னுடையது என்று தானே ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்தார். இராமையா அவரோடு வர மறுத்துவிட்டார். ஆகவே றோசலினைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேபியோடு கொழும்புக்குப் போனார். இந்த முறை ஓர் இளம் பெண் அதிகாரி உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டாள். கடிதங்களை இரண்டு தரம் வாசித்தாள்.

"எனக்குக் கவலையாத்தான் இருக்கு. ஆனா பட்டியல் முடிஞ்சிட்டு. இடமெல்லாம் நிரம்பிட்டு. வாற வருசம் திரும்பப் போடச் சொல்லுங்க" என்றாள்.

"மிஸ், என் வேலைய வேணும்னா எடுத்துக்குங்க. இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க" என்றார் லியனார்ட். அதை எடுக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

திரும்பும் ரயிலில் பேபி றோசலினின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வட்டவளை தாண்டும்போது லியனார்ட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். றோசலின் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அடுத்த வருடமும் பேபி விண்ணப்பித்தாள். அந்த வருடம் மாவட்டத்தில் இடம் கிடைப்பதற்கான வெட்டுப்புள்ளி கொஞ்சம் ஏறிவிட்டது. அவள் பெயர் வரவில்லை. அதில் யாருடைய பிழையும் இல்லை. அதுதான் லியனார்ட்டுக்கு இன்னும் தாங்க முடியாமல் போனது. முந்திய வருடத்துக்கு அவளுடைய புள்ளி தாராளமாகப் போதும்.

அவள் பிள்ளைக்காம்பராவில் உதவியாளாகச் சேர்ந்தாள். மலைக்குப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அழுகிற குழந்தையைத் தூக்குவது, பால் மா கரைப்பது, துணி அலசிப் போடுவது. ஊர் அவளைப் பிள்ளைக்காம்பரா பேபி என்றது.

இராமையாவுக்கும் லியனார்ட்டுக்கும் சண்டை எதுவும் நடக்கவில்லை. "எழுதி அனுப்பிருங்கன்னு சொன்னதே நான்தானே" என்று இராமையா ஒருமுறை றோசலினிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒருவர் வரும் பாதையில் மற்றவர் வருவதில்லை. நேரே பார்த்துவிட்டால் அந்த உறைதான் நடுவில் வந்து நிற்கும். இராமையா 2015இல் நெஞ்சுவலியில் போகும் வரைக்கும் அப்படியே இருந்தது. லியனார்ட் பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றார்.

பேபிக்கு அப்படி நடந்த பிறகு லியனார்ட் பெயர்களை எழுதி வைக்க ஒரு தடித்த கொப்பி வாங்கினார். பின்னேரங்களில் லயம் லயமாகப் போனார். எவரிடமும் கேட்காத மனுசன் இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சேட்டிபிக்கட்ல இருக்கிற பேரு என்னா? கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டார். பெட்டிக்கு அடியிலிருந்தும், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்தும் கடதாசிகள் வந்தன. பாதிப் பேருக்கு மேல் இரண்டு பெயர். உடுக்கு இராமையாவின் பத்திரத்தில் அவர் இராமாயி என்ற பெண்ணாகப் பதியப்பட்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் அதைக் கேட்டவர் சிரித்துச் சிரித்து இருமினார். சிலர் தங்கள் பெயரை அன்றுதான் முதல் முறையாக இன்னொருவர் வாசிக்கக் கேட்டார்கள்.

அதன் பிறகு ஈரக்காட்டில் ஒரு கடிதமும் தவறவில்லை. கப்பல் கொம்பனியில் வேலைக்கு அழைத்து ஒரு பையனுக்குக் கடிதம் வந்தது. தோட்டம் முழுவதற்கும் அவன் மொட்டை. லியனார்ட் கொப்பியைப் பார்த்துச் சரியாக அவன் கையில் கொடுத்தார். தகப்பன் வந்து அவர் காலைத் தொடக் குனிந்தபோது, லியனார்ட் பதறிப் பின்னால் நகர்ந்து, "வேணாம், அதெல்லாம் செய்யாதீங்க" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

ஒரு விடயத்தில் மட்டும் அவர் மறுபடியும் தவறினார். பேபியை அவளுடைய சரியான பெயரால் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஊரும் அப்படிக் கூப்பிட்டால் அவளுக்கு ஏதோ திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தார். ஒருநாள் பிள்ளைக்காம்பராவின் வேலிக்கு வெளியே நின்று, "நாகலெட்சுமி" என்று கூப்பிட்டார்.

அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டதும் எழுந்து வந்தாள்.

"பேபின்னே கூப்புடுங்க மாமா."

"அது ஒன்னோட சொந்தப் பேரு இல்லியாம்மா?"

"நாகலெட்சுமி செத்துட்டான்னு நீங்களே எழுதிட்டீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. குழந்தை எழும்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். லியனார்ட் அதை றோசலினிடம் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, சாகக் கிடந்த றோசலின், மனதில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் சொன்னார்.

பேபிக்குக் கல்யாணம் தாமதமாக நடந்தது. மாப்பிள்ளை கிஷாந்த் கீழ்ப் பிரிவு. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறவன், அமைதியானவன். 2014இல் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பெயர் பதியும் நாளில் பேபி பச்சை உடம்போடு தானே பதிவுக் கந்தோருக்குப் போனாள். எழுதிய பெயரை மூன்று மொழியிலும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையொப்பமிட்டாள். கிருஷாந்தி.

வீட்டுக்கு வந்ததும் தாய் தகப்பனிடமும் புருசனிடமும் சொல்லிவிட்டாள்: "ஒரே பேருதான். கடதாசியிலயும் அதுதான், வாயிலயும் அதுதான்."

லயம் அப்படி அடங்குமா? ஒரு மாதத்துக்குள் பிள்ளையைக் குட்டி என்றார்கள், வெள்ளச்சி என்றார்கள். பேபி வாசலில் நின்று சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டு ராசம்மாவோடு இதற்காக ஒரு வருடம் பேசாமல் இருந்தாள். இவளுக்கு என்ன பைத்தியமா என்று புதிதாக வாழ வந்த பெண்கள் கேட்டார்கள். தெரிந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

லியனார்ட் 2017இல் ஓய்வு பெற்றார். கொப்பியை ஆபீசில் கொடுத்தார். பெரிய கிளாக்கர் நன்றி சொல்லி வாங்கி அலுமாரியில் வைத்தார். றோசலின் போன பிறகு மகள் ஷிராணி வந்து ஹட்டனுக்குக் கூப்பிட்டாள். அவர் போகவில்லை. இப்போது மேல் பிரிவில் புது வீடுகள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் இருக்கிறது. பேபியின் குடும்பத்துக்கும் ஒரு வீடு கிடைத்தது. பாலர் பாடசாலைக்கான பயிற்சி ஒன்றை முடித்து, அவள் இப்போது பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் செய்கிறாள். பிள்ளைகள் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பளத் துண்டில் உதவியாளர் என்றே இருக்கிறது.

போன வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து வாகனத்திலிருந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். லியனார்ட் சந்தியில் கைத்தடியோடு நின்றிருந்தார். கண் முன்னைப் போல இல்லை. கடைசியாக இறங்கிய சிறுமியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா? பேரு என்னா?"

அவள் நேராக நின்றாள். "கிஷாந்த் கிருஷாந்தி, இலக்கம் பதினாலு, மேல் பிரிவு, ஆர்டன்மோர் தோட்டம், டயகம" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

லியனார்ட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு, "வீட்டுல வேற பேரு சொல்லிக் கூப்புடுறதில்லியா?" என்று கேட்டார்.

"இல்ல தாத்தா. அம்மா ஏசுவாங்க."

"பரீட்ச நல்லா எழுதுனியா?"

"எழுதுனேன். கடதாசி வருமாம்."

அவர் தலையாட்டினார். சட்டைப் பையில் கையை விட்டு, பிள்ளைக்குக் கொடுக்க ஒரு டொபி இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. பிள்ளை பதினாலாம் வீட்டை நோக்கி ஓடினாள். மேலே, வாசலில் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருந்தது போலத் தெரிந்தது. அது பேபிதானா என்று இந்தத் தூரத்திலிருந்து அவரால் சொல்ல முடியவில்லை. கையைத் தூக்கலாமா என்று நினைத்தவர், தூக்காமல், தடியை ஊன்றிக்கொண்டு தன் லயத்துப் பக்கம் நடந்தார்.